வாணிபப் பெயரும் வணிகக் குறியும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் உங்களை இலக்கியச் சோலையில் உலவவிட்டார்கள். நானோ உங்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்லவேண்டியவனாக இருக்கின்றேன். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் ‘வணிகக் குறிப் பதிவு’ என்பது. மக்கள் வழக்கில் ‘டிரேட் மார்க்’ என்போம். நம் பாட்டிமார் காலத்தில் ‘மார்க்கு’ என்ற அளவிலேயே அது நின்றது. யானை மார்க்கு, மயில் மார்க்கு என்று கேட்டு வாங்கிய தலைமுறை அது. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்த்துச் சரக்கை இனங் கண்டனர்.

பொருள் புதியதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு அரெத்சோ நகரத்து மட்கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. சிலவற்றில் அவற்றைச் செய்த தொழிற்கூடத்தின் பெயர் முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. கடல் கடந்து, முகமறியாத தமிழன் ஒருவன் கையில் சேரப்போகும் தட்டிலே, ‘இது என் கைவேலை’ என்று அந்தக் குயவன் எழுதி அனுப்பினான். வணிகக் குறி என்பது அவ்வளவுதான். செய்தவர் முன்னிற்க இயலாத இடத்தில் அவருக்காகப் பேசுகின்ற அடையாளம் அது.

நம் ஜோகுபாளையத்தில் இதைப் பேசவேண்டிய தேவை என்னவென்று ஒருவர் கேட்கலாம். நம் முன்னோருட் பலர் 1809-இல் இங்கே தண்டு அமைந்த பின்னர், படையோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் வந்து சேர்ந்தவர்கள். பலர் பின்னாளில் ஆலைகளையும் அலுவலகங்களையும் நாடி வந்தவர்கள். மாதச் சம்பளமே நமக்கு வாழ்க்கை என்று நெடுங்காலம் இருந்தோம். இன்று அந்நிலை மாறியுள்ளது. சாம்பார்ப் பொடி இடித்து விற்கும் தாய்மார்கள் இருக்கின்றனர். ஊறுகாய் போடுவோர், முறுக்குச் சுற்றுவோர், ஊதுவத்தி உருட்டுவோர், தையற்கூடம் வைத்திருப்போர், இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுப்போர் இருக்கின்றனர். தொடக்கத்தில் பொட்டலத்தின்மேல் பெயரே இராது. பத்துப் பேர் வாங்கிப் பதினோராவது ஆளுக்குச் சொல்லும்போது ஒரு பெயர் பிறக்கின்றது. அச்சகத்தில் ஆயிரம் ஒட்டுச்சீட்டு அடித்து வாங்குகிறோம். அந்தச் சீட்டிலே என்ன எழுதுகிறோம் என்பதைத்தான் இன்று நாம் ஆராயவேண்டும்.

நம்மவர் பெயர் வைக்கும் முறையை நான் கவனித்து வருகின்றேன். மூன்று கிணறுகளிலிருந்தே நாம் நீர் இறைக்கிறோம். ஒன்று குலதெய்வம், மற்றொன்று சொந்த ஊர், மூன்றாவது பெற்ற குழந்தையின் பெயர். மூன்றும் அன்பினால் வைக்கும் பெயர்களே, குறை கூறேன். ஆனால் அம்மூன்று கிணறுகளும் ஊர்ப் பொதுக் கிணறுகள். நாம் இறைக்கும் அதே நீரை அடுத்த தெருவினரும் இறைக்கின்றனர். அதனால் விளைந்த வழக்கு ஒன்றைக் கூறுகின்றேன். மூக்குப்பொடி வழக்கு அது. தும்மாமல் கேட்கவேண்டும்!

சென்னையிலே ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற பெயரில் மூக்குப்பொடி விற்ற நிறுவனம் ஒன்று இருந்தது. அம்பாளின் உருவமும் பெயரும் கொண்ட அதன் குறி பதிவு செய்யப்பட்டிருந்தது. அதே தொழிலில் இருந்த மற்றொரு வணிகர், ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரையும் ஆண்டாளின் உருவத்தையும் கொண்ட தம் சீட்டைப் பதியுமாறு 1958-இல் விண்ணப்பித்தார். முன்னவர் தடை கூறினார். இருபெயரும் ஒன்றுபோல் இருப்பதால் வாங்குவோர் மயங்குவர் என்பது அவர் வாதம்.

நம்மில் எவரையேனும் கேட்டால் என்ன சொல்வோம்? அம்பாள் எங்கே, ஆண்டாள் எங்கே! அம்பாள் சிவபெருமானின் இடப்பாகம் கொண்ட அன்னை. ஆண்டாள் திருவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் தோன்றி அரங்கனை மணந்த நாச்சியார். இவ்விருவரையும் ஒருவரென்று மயங்கும் தமிழன் உண்டோ? திருநீறும் திருமண்ணும் வேறறியாத குழந்தைகூட இதை அறியும். பதிவாளரும் ஏறத்தாழ அப்படியே கருதி, ஒலியொற்றுமை மயக்கம் தரும் அளவுக்கு இல்லை என்று பதிவுக்கு இசைந்தார். சென்னை உயர் நீதிமன்றமோ இசையவில்லை. இறுதியில் வழக்கு தில்லிக்குச் சென்றது. 1969-இல் உச்ச நீதிமன்றம் ஆண்டாள் சீட்டைப் பதியலாகாது என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் கூறிய காரணம் நம்மைப் போன்ற குடியேறிகள் நெஞ்சில் இருத்தவேண்டிய ஒன்று. இரு தெய்வங்களும் வேறு வேறென்று தென்னாட்டு இந்துக்கள் பலரும் அறிந்திருக்கலாம். ஆயின் மூக்குப்பொடி வாங்குவோர் அவர்கள் மட்டுமல்லர். அவ்வேறுபாட்டை அறியாத பல்வகை மக்களும் வாங்குகின்றனர். பெயரைக் கண்ணால் காண்பது மட்டுமன்றிக் காதால் கேட்பதும் உண்டு. காதுக்கு அம்பாளும் ஆண்டாளும் நெருங்கிய ஒலியுடையவை. இதுதான் அத்தீர்ப்பின் சாரம். சீட்டிலுள்ள படம் வேறாயிருந்தாலும், கடையில் நின்று வாயால் பெயர் சொல்லிக் கேட்பவனுக்குப் படம் உதவாது.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். தமிழில் எழுதும்போது ‘அம்’ என்பதில் குறிலும் ‘ஆண்’ என்பதில் நெடிலும் கண்ணுக்குத் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் ஐந்தெழுத்து, முதலெழுத்தும் கடைசி இரண்டெழுத்தும் ஒன்றே, குறிலும் நெடிலும் ஒரே ‘ஏ’ என்ற எழுத்தாகிவிடும். நாம் வாழும் இந்நகரில் நம் பொட்டலத்தின்மேல் பெரும்பாலும் ஆங்கிலமும் கன்னடமுமே இருக்கும். நம் சரக்கை வாங்குவோர் கன்னடர், தெலுங்கர், மலையாளிகள், உருது பேசுவோர், வடநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய இளைஞர் என்று பலராவர். நம் பெயரை நாம் எப்படி உச்சரிக்கின்றோம் என்பதைவிட, அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதே கணக்கில் வரும். நம் வீட்டெதிரே உள்ள ஊரையே பாருங்கள். கன்னடத்தார் ஹலசூரு என்கின்றனர். நாம் அலசூர் என்றும் அல்சூர் என்றும் சொல்கிறோம். ஆங்கிலேயன் அவன் வாய்க்கு ஏற்றபடி எழுதிவைத்துச் சென்றான். பலாப்பழத்தின் பெயரால் அமைந்ததாகச் சொல்லப்படும் ஓர் ஊரே நான்கு செவிகளில் நான்கு பெயராகின்றதென்றால், நம் மிளகாய்ப்பொடியின் பெயர் எம்மாத்திரம்!

ஆகவே பெயர் சூட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழறியாத அண்டை வீட்டாரை அழைத்து, பெயரை ஒருமுறை சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் அது முன்பே சந்தையில் உள்ள வேறொரு பெயராக மாறுமானால் அப்பெயர் நமக்கு வேண்டாம்.

தெய்வப் பெயரைப் பற்றிக் கேட்டபோது இன்னொரு வழக்கும் நினைவுக்கு வருகின்றது. ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்று பெயரிட்டு அதைத் தமக்கே உரியதாகப் பதியவேண்டும் என்று ஒரு வணிகர் கேட்டார். 2015-இல் உச்ச நீதிமன்றம், புனித நூலின் பெயரை ஒரு சரக்குக்குத் தனியுரிமையாக எவரும் கேட்க முடியாது என்று மறுத்துவிட்டது. தெய்வத்தின் பெயர்களும் பலர் ஆளும் பெயர்களே. அவற்றை வைத்தல் குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் பலரும் ஆளும் பெயரைச் சுற்றி வேலி போடுவது கடினம். வேலி போட்டாலும் அது தாழ்ந்த வேலியாகவே இருக்கும்.

அந்த வேலி எவ்வளவு தாழ்வானது என்பதை நம் பெங்களூரிலேயே கண்டோம். காலையில் கதவைத் திறந்தால் வாயிலில் இருப்பது நந்தினிப் பால். கருநாடகப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1985 முதல் அப்பெயரை ஆண்டு, பதிவும் செய்திருக்கின்றது. இதே நகரில் 1989 முதல் ‘நந்தினி டீலக்ஸ்’ என்ற உணவகம் நடந்து வருகின்றது. உணவகத்தார் தம் பெயரையும் விளக்குப் படத்தையும் சில உணவுப் பொருள்களுக்காகப் பதிய முற்பட்டபோது, பால் கூட்டமைப்பு தடை கூறியது. 2007-இல் பதிவாளர் உணவகத்தார் பக்கம் நின்றார். 2011-இல் மேல்முறையீட்டு வாரியம் கூட்டமைப்பின் பக்கம் நின்றது. அந்த வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. 2014-இல் கருநாடக உயர் நீதிமன்றமும் வாரியத்தோடு ஒத்துக்கொண்டது. 2018 சூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

நந்தினி என்பது ஒருவர் புதிதாகப் புனைந்த சொல் அன்று. புராணம் அறிந்தோர் யாவரும் அறிந்த தெய்வப் பசுவின் பெயர். ஒருவர் குறியில் பசுவும், மற்றவர் குறியில் விளக்கும் உள்ளன. ஒருவர் பால் விற்கின்றார். மற்றவர் உணவகம் நடத்துகின்றார். 1989-இல் உணவகம் தொடங்கியபோது, நான்காண்டு மட்டுமே ஆன பால் பெயருக்குத் தனிப்புகழ் சேர்ந்துவிட்டதென்று காட்டவும் சான்று இல்லை. ஆகவே பாலும் பாற்பொருள்களும் நீங்கலாக உணவகத்தார் பதிந்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று.

முடிவு சரியா தவறா என்ற வாதம் எனக்கு வேண்டியதில்லை; இரு தரப்பும் நமக்கு வேண்டியவர்களே. நான் எண்ணுவது இதைத்தான். மாநிலம் முழுதும் வீடுதோறும் செல்கின்ற மாபெரும் கூட்டுறவு அமைப்பு, பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டும், பசுவின் பெயரை முழுவதும் தன்னுடையதாக்க முடியவில்லை. உணவகத்தாரோ, 2007-இல் கிடைத்த ஆணையை உறுதியாக்கிக்கொள்ளப் பதினோராண்டுகள் அலைந்தனர். அவ்வளவு பொருளும் பொறுமையும் நம் மாவுக் கடைக்கு உண்டா? பொருள் இல்லாத, அல்லது பொருளுக்கும் சரக்குக்கும் தொடர்பில்லாத, புதிதாகக் கோத்த பெயரே உயர்ந்த வேலி பெறும். ‘சுவையான ஊறுகாய்’ என்று பெயரிட்டால் பதிவாளர் ஏற்கமாட்டார். எல்லா ஊறுகாயும் தன்னைச் சுவையானது என்றுதான் சொல்லிக்கொள்ளும். சரக்கின் தன்மையையோ, அது விளையும் ஊரையோ மட்டும் குறிக்கும் சொற்களைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தடுக்கின்றது. விண்ணப்பிக்கும் முன்னரே நெடுநாள் ஆட்சியினால் அச்சொல் ஒருவரையே சுட்டும்படி புகழ் பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

அத்தகைய விலக்குக்கு இலக்கணம் போன்ற கடை ஒன்று திருநெல்வேலியில் இருக்கின்றது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலை வேளையில் சில நாழிகை மட்டும் திறந்திருந்து அல்வா விற்கும் கடை அது. 1900-ஆம் ஆண்டு முதல் தொழில் நடப்பதாக வழக்கில் கூறப்பட்டது. மங்கலான விளக்கொன்று எரியும் அந்தக் கடைக்கு ‘இருட்டுக்கடை’ என்று ஊர் மக்களே பெயரிட்டார்கள். உரிமையாளர் தேடிக் கண்டுபிடித்த பெயரன்று. அல்வா என்ற பண்டத்துக்கும் இருட்டு என்ற சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதனாலேயே அப்பெயர் எவ்வளவு உறுதியாக நின்றுவிட்டது பாருங்கள்! விளம்பர அறிஞர் ஒருவரை இலட்சக்கணக்கில் கொடுத்து அமர்த்தியிருந்தால், ‘ஒளிக்கடை’ என்றுதான் வைத்திருப்பார்.

பின்னாளில் வேறொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரில் கடை தொடங்கினார். பழைய கடையினர் வழக்காடினர். புதியவரோ, ‘என் பெயரும் பதிவாகியுள்ளது, பதிவு பெற்ற ஒருவரை மற்றொரு பதிவுக்காரர் எப்படித் தடுக்கலாம்?’ என்று கேட்டார். 2015-இல் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. பதிவைவிட முந்திய ஆட்சியே வலிது; முன்னரே பெயரை ஆண்டு புகழ் சேர்த்தவர், பின்வந்தவர் பதிவு பெற்றவராயினும் அவரைத் தடுக்கலாம் என்பது அத்தீர்ப்பு.

இதைக் கேட்டவுடன் சிலருக்கு ஓர் எண்ணம் எழக்கூடும். ‘முந்திய ஆட்சியே வலிதென்றால் பதிவு எதற்கு? நான்தான் இருபதாண்டாகப் பொடி இடிக்கிறேனே’ என்பீர்கள். நன்றாகக் கேட்டீர்கள். இருட்டுக்கடையாருக்கு நூறாண்டுப் புகழ் சான்றாக நின்றது. ஊரே சாட்சி. நமக்கு என்ன சாட்சி? இருபதாண்டுக்கு முன் விற்ற பொடிக்கு ரசீது வைத்திருக்கின்றோமா? முதன்முதல் அச்சடித்த சீட்டு எங்கே? அச்சகத்துப் பில் எங்கே? பெரும்பாலும் இரா. பதிவு செய்யாத பெயருக்காக ‘என் பெயரை மீறினாய்’ என்ற நேர்வழக்கைத் தொடுக்கவே இயலாது. 27-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கின்றது. ‘தன் சரக்கை என் சரக்கென்று மக்களை ஏமாற்றி விற்கின்றான்’ என்ற வழக்கு ஒன்றே வழி. அதில் நம் புகழையும், அவன் ஏமாற்றையும், நமக்கு நேர்ந்த கேட்டையும் நாமே சான்று காட்டி மெய்ப்பிக்கவேண்டும். பதிவுபெற்றவருக்கோ சான்றிதழே முதற்சான்று. மேலும், குறியைப் போலி செய்பவன் வேறு ஊரில் இருந்தாலும், பொதுவாகத் தாம் வாழ்ந்து தொழில் செய்யும் ஊரின் நீதிமன்றத்திலேயே பதிவுக்காரர் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடந்தருகின்றது. ஜோகுபாளையத்துத் தாய் ஒருவர் வழக்குக்காக எங்கோ ஒரு நகரத்துக்கு இரயிலேறவேண்டுமா என்ற கேள்வியில், இது சிறிய சலுகையன்று.

போகிற போக்கில் சட்டத்தின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1875-இல் சட்டம் பிறந்து, 1876 சனவரி 1-ஆம் நாள் முதற் குறியாகப் பதிவானது பாஸ் என்ற பீர் ஆலையின் சிவப்பு முக்கோணம். (மதுவின் பெயரை இம்மேடையில் கூறியதற்குத் தாய்மார்கள் பொறுத்தருள்க, முதலில் நின்றவர் அவர்தாம்.) நம் நாட்டில் 1940-இல்தான் சட்டம் வந்தது. பின் 1958-இலும், 1999-இலும் புதுச்சட்டங்கள் இயற்றப்பட்டன. கடைசிச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பதிவகத்தின் தலைமையிடம் மும்பை. சென்னை, தில்லி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகிய நகரங்களிலும் அலுவலகங்கள் உண்டு. கருநாடகத்தில் தொழில் செய்வோர் சென்னை அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். அது கிண்டியில் இருக்கின்றது. நாம் விட்டுவந்த நாட்டின் தலைநகர் நம்மை இன்னும் விடவில்லை! ஆயினும் நேரில் செல்லவேண்டிய தேவை இல்லை. கணினி வழியாகவே விண்ணப்பிக்கலாம். தனியாளும் சிறு தொழில் நிறுவனமும் கணினி வழியே விண்ணப்பித்தால், 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டணம் 4,500 ரூபாய். தாளில் கொடுத்தால் 5,000. ஏனைய நிறுவனங்களுக்கு முறையே 9,000, 10,000. இக்கட்டணம் ஒரு வகுப்புக்கு உரியது.

வகுப்பு என்றால் பள்ளி வகுப்பன்று. உலகத்துச் சரக்குகளையும் தொண்டுகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கின்றனர். முதல் 34 வகுப்புகள் சரக்குக்கும், எஞ்சிய 11 தொண்டுக்கும் ஆவன. மசாலைப் பொடி, காப்பித்தூள், மாவு, இனிப்பு ஆகியவை 30-ஆம் வகுப்பு. பாலும் எண்ணெயும் 29. ஊதுவத்தி 3. தைத்த ஆடைகள் 25. உணவகம் 43. மூக்குப்பொடியும் தீப்பெட்டியும் 34. பொடிக்குப் பதிந்துகொண்டு, பிறகு அதே பெயரில் உணவகம் திறப்போமானால், அப்பதிவு உணவகத்தைத் தானாகக் காக்காது. இன்று பொடி விற்பவர் நாளை என்ன செய்ய எண்ணியிருக்கின்றார் என்பதை இப்போதே யோசிக்கவேண்டும். ஆனால் ஆசையினால் ஐந்து வகுப்புகளுக்குப் பணம் கட்டவும் வேண்டாம். பதிந்த பின் ஐந்தாண்டுக்கு மேல் ஆளாமல் வைத்திருக்கும் குறியை நீக்கும்படி பிறர் கேட்கலாம்.

விண்ணப்பிக்குமுன் பதிவகத்தின் இணையத்தளத்தில் நம் பெயரைப்போல வேறு பெயர் உண்டா என்று தேடிப் பார்க்கவேண்டும். தேடலுக்குக் கட்டணமில்லை. அம்பாள் ஆண்டாள் கதையை நினைவில் வைத்து, எழுத்தால் மட்டுமன்றி ஒலியாலும் தேடுங்கள். விண்ணப்பம் சென்றதும் எண் ஒன்று கிடைக்கும். ஆய்வாளர் பார்த்து ஐயம் எழுப்பினால் முப்பது நாளுக்குள் விடை தரவேண்டும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். கடிதம் மின்னஞ்சலில் வந்து கிடக்கும், வீட்டில் எவரும் திறந்திருக்கமாட்டார். விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆய்வு முடிந்தபின் குறி அரசின் வணிகக் குறி இதழில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் எவரும் தடை கூறலாம். கூறாவிடில் சான்றிதழ் வரும். விண்ணப்பித்த நாளிலிருந்தே பத்தாண்டுக்கு அது செல்லும். சான்றிதழ் வந்த பின்னரே வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைச் சீட்டில் இடலாம். அதற்கு முன் இடுவது சட்டத்துக்கு மாறானது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் ‘டி.எம்.’ என்று இட்டுக்கொள்ளத் தடையில்லை.

பலருக்கும் உள்ள ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க விரும்புகின்றேன். ‘என் கடைக்கு உரிமம் இருக்கின்றது, ஜி.எஸ்.டி. எண் இருக்கின்றது, உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கின்றது, கம்பெனியாகவே பதிந்திருக்கிறேன், பிறகு என்ன?’ என்று கேட்கின்றனர். இவை யாவும் தொழில் நடத்த அனுமதிகளும் வரிக்கணக்கும் ஆம். பெயருக்கு உரிமை தருபவை அல்ல. ஒரே பெயரில் இருவர் வரி கட்டினால் அரசு இருவரிடமும் மகிழ்ந்து வாங்கிக்கொள்ளும்.

அதைவிட நுட்பமான ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது? வழக்கமாக என்ன நிகழ்கின்றது தெரியுமா? பொடியின் பக்குவம் அம்மாவுடையது. இருபதாண்டு இடுப்பொடிய இடித்தவர் அவர். கணினி அறிந்தவன் மகன் என்பதால் மகன் பெயரில் விண்ணப்பம் போகும். அல்லது ‘எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று முன்வரும் விற்பனை முகவர் பெயரில் போகும். அன்று எவர் மனத்திலும் களங்கம் இராது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகும் நாளிலோ, முகவரோடு கணக்கில் மனத்தாங்கல் வரும் நாளிலோ, சான்றிதழில் உள்ள பெயரே பேசும். அம்மா தாம் வளர்த்த பெயரைத் தம் பொட்டலத்தில் இடுவதற்கு இன்னொருவரிடம் இசைவு கேட்கும் நிலை வரும். நகையையும் நிலத்தையும் யார் பெயரில் எழுதுவதென்று மூன்று நாள் பேசுகின்ற நாம், இதை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகின்றோம். இச்சபையில் இருக்கும் மகன்மாரை நான் கேட்டுக்கொள்வதெல்லாம், அம்மாவின் பெயரை எழுதுங்கள் என்பதுதான். கூட்டாகச் செய்தால் கூட்டு ஒப்பந்தத்தைத் தாளில் எழுதி, பிரிந்தால் பெயர் யாருக்கு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். உரிமையைப் பின்னர் எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்கவும் சட்டத்தில் வழியுண்டு; ஆனால் மனம் ஒத்திருக்கும்போதுதான் கையெழுத்து எளிதில் கிடைக்கும்.

இன்றிரவே செய்யத்தக்க வேலையும் ஒன்று உண்டு. அதற்கு ஒரு காசும் செலவில்லை. பழைய சீட்டு ஒன்று, அச்சகத்துப் பில் ஒன்று, முதன்முதலில் கடைக்குக் கொடுத்த சரக்கின் ரசீது, விழாவில் கடை போட்ட புகைப்படம், வாடிக்கையாளர் எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தேடி ஒரு கோப்பில் வைத்துத் தேதியைக் குறித்துவையுங்கள். நம் சங்கத்தின் பழைய விழா மலர்களில் உங்கள் தொழில் விளம்பரம் வந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு அச்சிட்ட மலரில் வந்த அரைப்பக்க விளம்பரம், ‘இன்ன ஆண்டிலேயே இப்பெயரை ஆண்டேன்’ என்பதற்கு நல்ல சான்று. விளம்பரம் திரட்டும் நம் பொருளாளர் இதைக் கேட்டுப் புன்னகை புரிவதை இங்கிருந்தே காண்கின்றேன்.

பத்தாண்டு முடியுமுன் புதுப்பிக்க மறவாதீர்கள். முடிவதற்கு முன் ஓராண்டுக்குள் அதற்கு விண்ணப்பிக்கலாம். தவறினால் அடுத்த ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு இடமுண்டு. வீட்டு நாட்காட்டியில் குறிப்பதைவிட, பிள்ளையின் சாதகக் கட்டோடு வைப்பது நல்லது என்பது என் துணிபு. அதைத்தான் நாம் தொலைப்பதில்லை.

விழா முடிந்தபின் நூலக அறையில் சிறிது நேரம் இருப்பேன். தங்கள் சீட்டைக் கையோடு கொண்டுவந்திருப்போர் காட்டலாம்; பெயர் தேடும் முறையைக் கணினியில் செய்து காட்டுகின்றேன். அடுத்துக் குழந்தைகளின் நாடகம் இருக்கின்றது. ஒப்பனையோடு அவர்கள் திரைக்குப் பின்னால் பொறுமையிழந்து நிற்கின்றார்கள்.